பன்னிரண்டு கஜத் தூரம்

எவ்வளவு தூரத்தில் சுடுவதற்கு என்று அந்த அம்மாள் கேட்டாள். செருப்புக் கடையில் கால் அளவு கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டாள், ஆனால் ஜெபசிங் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் சட்டையில் வெர்னா என்று பெயர் தைத்திருந்தது. அறுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். துப்பாக்கிக் கடையில் தாடியும் பச்சை குத்திய கையுமாக ஓர் ஆள் நிற்பான் என்று நினைத்து வந்தவனுக்கு இவளைப் பார்த்ததும் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட அலுவலகத்தில் டி.சி. எழுதிக் கொடுத்த டீச்சரம்மா ஞாபகம் வந்தது. இப்படிப்பட்டவர்களிடம் பொய் சொல்வது கஷ்டம், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்துவிடுவார்கள். இருவருக்கும் நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதன் மேல் ரப்பர் விரிப்பு, விரிப்பின் மேல் போன வாரம் அக்கா வற்புறுத்தி வாங்க வைத்த துப்பாக்கி. விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்தது தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். துப்பாக்கி வந்தாயிற்று, குறி பார்க்க மேலே ஒரு ஸ்கோப் மாட்ட வேண்டும், அதற்காகத்தான் இன்றைக்கு வந்திருக்கிறான். பன்னிரண்டு கஜம், என்றான். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ஐம்பது என்று சொல்லியிருக்கலாம், நூறு என்று சொல்லியிருக்கலாம். இந்த டெக்சாஸில் காட்டுப்பன்றி சுடுகிறவன் எவனும் அப்படித்தான் சொல்வான். வெர்னா புருவத்தைத் தூக்கினாள். "அளந்து பார்த்த மாதிரி சொல்றீங்களே." அளந்துதான் பார்த்திருந்தான். அத்தானின் அடக்கம் முடிந்த நாலாவது நாள், போலீஸ் கட்டியிருந்த மஞ்சள் நாடாவை அவிழ்த்துக் கடைச் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு, தனியாக உள்ளே போய், குளிர் அறையின் கதவிலிருந்து கல்லா வரைக்கும் இன்ச் டேப்பைப் பிடித்து அளந்தான். டேப் சுருண்டு சுருண்டு வந்ததால் முனையில் ஒரு எண்ணெய் டப்பாவைத் தூக்கி வைத்தான். எதற்கு அளக்கிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. ஓடினால் எத்தனை எட்டு, எத்தனை நொடி என்று கணக்குப் போட்டான், அவ்வளவுதான். பதினாறு எட்டு. நாலு நொடி. அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய முடியும்? ஆனாலும் அது தெரியாமல் இருக்க முடியவில்லை.

வெர்னா பெட்டியைத் திறக்கக் குனிந்தாள். சாவிக் கொத்து குலுங்கிய சத்தத்தில் அவன் மனசு நழுவிப் போய்விட்டது. இப்போதெல்லாம் சின்னச் சத்தம் போதும். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி, வெயில் பெட்ரோல் பம்புகளின் மேல் அடித்துக்கொண்டிருந்த நேரம், கடையில் அத்தானும் அவனும் மட்டும்தான். அத்தான் என்றால் பொன்ராஜ், மேபல் அக்காவின் புருஷன். பெட்ரோல் பம்பும் அதை ஒட்டிய பலசரக்குக் கடையும் அவருடையது. தன் மச்சினனை இந்த நாட்டுக்குக் கொண்டுவருவதற்குப் பதினாலு வருஷம் விடாமல் காகிதம் எழுதிய மனுஷன். பிள்ளை இல்லாத வீட்டில் மாடி அறையை அவனுக்கென்று ஒழித்துக் கொடுத்து, கதவில் அவன் பெயரை எழுதி ஒட்டி, அதைப் பார்த்து அவரே சிரித்த மனுஷன். அந்த மனுஷனைக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கவைத்து ஒருத்தன் கழுத்தில் சுட்டுவிட்டுப் போனான். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று போலீஸ் கேட்டது. பின்பக்கம் குப்பைத் தொட்டியிடம், காதில் பாட்டு மாட்டியிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னான். எழுதிக்கொண்டார்கள். எவ்வளவு சுலபமாக எழுதிக்கொண்டார்கள்! அக்காவும் கேட்டாள். அவளிடமும் அதையேதான் சொன்னான், அதே வார்த்தைகள், அதே வரிசை, குப்பைத் தொட்டி, காது, பாட்டு. அக்கா அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "நீயாவது தப்பிச்சியே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று அழுதாள். அவள் கழுத்தில் பவுடர் வாசம் அடித்தது. அந்த வாசத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அவன் கண்ணைத் திறந்தபடியே இருந்தான், கண்ணீர் வரவில்லையே என்று பயந்தான்.

வெர்னா விரிப்பின் மேல் மூன்று ஸ்கோப்புகளை எடுத்து வைத்தாள். ஒன்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம். இன்னொன்று கட்டை விரல் தடிமனில் குட்டையாக. மூன்றாவது நீளக் குழல். "பன்னிரண்டு கஜம்னா இது போதும்" என்று சதுரத்தைத் தள்ளினாள். "இது பெரிசு பண்ணிக் காட்டாது. உள்ள ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், புள்ளி எங்க இருக்கோ குண்டு அங்க. வீட்டுக்கும் கடைக்கும் இதைத்தான் நான் சொல்வேன். சட்டுனு பிடிக்கும்." துப்பாக்கியின் முதுகில் அதைப் பொருத்தித் திருகினாள். குண்டு உட்காரும் அறை காலியா என்று இரண்டு தடவை திறந்து பார்த்து, அவனிடம் நீட்டி, சுவரில் மாட்டியிருந்த மான் தலையைக் காட்டினாள். "அதைப் பாருங்க. ஒரு கண்ணை மூடக் கூடாது. ரெண்டையும் திறந்தே வச்சுக்கணும்."

துப்பாக்கியின் கட்டை கன்னத்தில் சில்லென்று பட்டது. அவன் இடது கண் தானாக மூடிக்கொண்டது. திறங்க, என்றாள். திறந்தான். மறுபடி மூடிக்கொண்டது. பலபேருக்கு முதலில் இப்படித்தான், பழகினால் சரியாகிவிடும், எதிரில் நிற்கிறது யார் என்று இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டே இருக்கணும், அதுதான் இதில் முக்கியம் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். அவன் பார்க்காமலா இருந்தான்? குளிர் அறைக்குள் நின்று பால் அடுக்கிக்கொண்டிருந்தான், அதுதான் நிஜம், குப்பைத் தொட்டியும் இல்லை, பாட்டும் இல்லை. பழைய தேதி முன்னால், புதிய தேதி பின்னால். பின்பக்கமிருந்து தள்ளினால் தட்டின் சரிவில் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி முன்னால் போய்க் கண்ணாடிக் கதவில் முட்டும். பாட்டில்களுக்கு நடுவில் உள்ள இடுக்கு வழியாகக் கடை முழுவதும் தெரியும், வெளியில் இருக்கிறவர்களுக்கு உள்ளே இருக்கிறவன் தெரியமாட்டான். அத்தான் சில சமயம் வேண்டுமென்றே ஒரு பாட்டிலை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் முகத்தை வைத்து, மாப்ள, உள்ள விறைச்சுப் போயிட்டியா என்பார். அன்றைக்கு அந்த இடுக்கில் தெரிந்தது ஒரு முதுகு, சாம்பல் நிறத் துணி, அதற்கப்பால் அத்தானின் முகம் பாதி. பாதி முகத்தில் ஒரு கண். உயர்த்திய கையில் பேனா, எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைக்க மறந்துபோய் அதோடேயே கையைத் தூக்கியிருந்தார். அவன் கையிலும் ஒரு பாட்டில் இருந்தது. அதைத் தட்டில் வைத்தால் வழுக்கிப் போய் முட்டும், முட்டினால் சத்தம் வரும், சத்தம் வந்தால் அந்தச் சாம்பல் முதுகு திரும்பும். நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான் அவன் செய்தது, பால் பாட்டிலை அணைத்துக்கொண்டு நின்றது. தலைக்கு மேல் குளிர் யந்திரம் உறுமிக்கொண்டிருந்தது, ஆனாலும் கேட்டது, அத்தான் பேசியது கேட்டது, ஒவ்வொரு வார்த்தையும். வேண்டாம். அதற்குமேல் வேண்டாம். மான், மானைப் பார். மானின் கண்ணாடிக் கண். புள்ளி ஏன் இப்படி இருக்கிறது? "இது புள்ளியா தெரியலையே, வால் முளைச்ச மாதிரி இழுத்துக்கிட்டுத் தெரியுது" என்றான். வெர்னா சிரித்தாள். "புள்ளி வட்டமாத்தான் இருக்கு. உங்க கண்ணுல கொஞ்சம் வளைவு இருக்கும், நிறையப் பேருக்கு உண்டு. குறை இதுல இல்ல."

குறை இதில் இல்லை. சரிதான். அவன் துப்பாக்கியைத் தாழ்த்தி விரிப்பில் வைத்தபோது பையில் போன் அதிர்ந்தது. அக்கா. வெளியே கார் நிறுத்தும் இடத்தில் காரிலேயே இருக்கிறாள். உள்ளே வா என்றதற்கு, அந்தச் சாமான்களை என்னால் பார்க்க முடியாது, நீ போய் வாங்கிட்டு வா என்று சொல்லிவிட்டாள்.

"என்னடே, முடிஞ்சுதா?"

"இல்லக்கா. மூணு காட்டுதாங்க. எதுன்னு பாக்கேன்."

"எதாயிருந்தா என்ன, நல்லதா பாத்து எடு. வெலைய பாக்காத. திங்கக்கெழம கடை தொறக்கப் போறோம், அதுக்குள்ள நீ நாலு தடவ சுட்டுப் பழகணும்லா."

"சரிக்கா."

"அன்னைக்கி உன் கையில ஒண்ணு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். எப்போதும் இந்த இடத்தில்தான் நிறுத்துவாள். "சரி, வெயிலா இருக்கு. சீக்கிரம் வா."

கையில் ஒன்று இருந்திருந்தால். அவள் மனசுக்குள் ஒரு படம் ஓடுகிறது, அது அவனுக்குத் தெரியும்: பின்பக்கமிருந்து தம்பி வருகிறான், கையில் துப்பாக்கி, சாம்பல் சட்டைக்காரன் திரும்புகிறான், தம்பி சுட்டுவிடுகிறான், அத்தான் பிழைத்துக்கொள்கிறார், சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கருவி இல்லாததால்தான் நடக்காமல் போயிற்று என்று நம்புகிறாள். அதனால்தான் இந்தத் துப்பாக்கி, அதனால்தான் இந்த ஸ்கோப். அவனிடம் போன் இருந்ததே! போன் கருவி இல்லையா? சட்டைப் பையில்தான் இருந்தது, மூன்று எண்களை அழுத்தினால் போதும். வெளிச்சம் தெரிந்துவிடும் என்று எடுக்கவில்லை. சரி, அந்த ஆள் அங்கே நின்றவரைக்கும் அப்படி. சுட்ட பிறகு? சுட்டவன் ஓடிப் போன பிறகு? வாசல் மணி அடித்துக் கதவு மூடிக்கொண்ட பிறகும் ஒன்பது நிமிஷம் உள்ளேயே நின்றான். திரும்பி வருவானோ என்று நின்றான். வரமாட்டான் என்று தெரிந்த பிறகும் நின்றான், ஏனென்றால் வெளியே போனால் பார்க்க வேண்டும். அப்புறம் லாட்டரிச் சீட்டு வாங்க வரும் ஒரு கிழவி உள்ளே வந்து அலறினாள். அலறல் கேட்ட பிறகுதான் பின்கதவு வழியாக வெளியே போய், கடையைச் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாக ஓடி வந்து, அவன் கேட்டான், என்ன ஆச்சு என்று. அந்தக் கிழவியைப் பார்த்து, மூச்சு வாங்க, என்ன ஆச்சு என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் அவன் நடித்த ஒரே நாடகம். அதை நினைக்கும்போது மட்டும் உடம்பு ஒரு தடவை உள்ளுக்குள் சுருங்கிக்கொள்ளும், பயந்தது கூடப் பரவாயில்லை, எவனும் பயப்படுவான், ஆனால் அந்த மூச்சிரைப்பு, அதை யார் சொல்லிக் கொடுத்தது? அத்தான் உடனே போய்விட்டார், ஒன்றும் தெரிந்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது நிஜமா, இல்லை எல்லார் வீட்டாரிடமும் சொல்கிற ஆறுதலா என்று அவன் கேட்கவில்லை. ஒன்பது நிமிஷம் என்பது யாருக்கும் தெரியாது. சுட்டவனை மூன்றாம் நாளே பிடித்துவிட்டார்கள், கார் நம்பர் பக்கத்துக் கடைக் கேமராவில் விழுந்திருந்தது, ஒப்புக்கொண்டும் விட்டான். இனி ஜெபசிங் வாயைத் திறந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சாட்சி தேவைப்படவில்லை. அத்தான் திரும்பி வரப்போவதில்லை. அவன் சொல்லாததால் யாருக்கு என்ன நஷ்டம், யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டான், ஒருத்தரிடமிருந்தும் ஒன்றும் எடுக்கவில்லை. ஆறு வாரமாக யோசனையில் இதே வழியில் வந்து இதே இடத்தில் நிற்கிறான், நின்று ஒரு நாள்கூடத் தூக்கம் வந்ததில்லை.

"உங்க வீட்டம்மாவா?" என்று வெர்னா கேட்டாள்.

"அக்கா."

"பன்னிரண்டு கஜம்னா கடைக்குள்ளன்னு நினைக்கறேன். கடைக்கு வெளிய?" அவள் பென்சிலால் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டாள், சின்னக் கட்டம், அதிலிருந்து ஒரு கோடு. "வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் எவ்வளவு இருக்கும்?"

"அறுபது, எழுபது கஜம்."

"அப்ப இந்த ரெண்டுல ஒண்ணு யோசிக்கலாம். இந்தக் குட்டை மூணு மடங்கு பெரிசு பண்ணும், மாத்த முடியாது. நடுவுல கோடு கண்ணாடியிலேயே செதுக்கியிருக்கறதால உங்க கண்ணுக்கும் இழுக்காது. ஆனா பக்கத்துல வந்துட்டா கஷ்டம். இந்த நீளத்துல வளையத்தைத் திருப்பினா ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் போகும். ஒண்ணுல வச்சா வெறும் கண்ணால பார்க்கற மாதிரி. கனம் கொஞ்சம் ஜாஸ்தி."

"ஆறு மடங்குலயே வச்சுக்கலாமா? எப்பவும்?"

வெர்னா கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். "பன்னிரண்டு கஜத்துல ஆறு மடங்கு வச்சா உங்களுக்கு ஒரு சட்டைப் பித்தான்தான் தெரியும். அது யார் பித்தான்னு தெரியாது."

அவன் அதைத்தானே கேட்கிறான். ஆள் தெரியக் கூடாது. தூரத்திலிருந்து, நடுவில் நிறையக் கண்ணாடி வைத்து, ஒரு பித்தானை மட்டும் பார்த்து, எல்லாம் முடிந்துவிட வேண்டும். கிட்ட நிற்கவே கூடாது. திங்கட்கிழமை கடை திறந்து, அந்தக் கல்லாவுக்குப் பின்னால், அவர் நின்ற இடத்தில் நின்று, வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் யாரென்று பார்க்க வேண்டும். அப்போது இது கீழே இருக்கும். யாராவது வந்தால் எடுப்பானா? எடுக்கமாட்டான். எவ்வளவு நல்ல ஸ்கோப்பாக இருந்தாலும் எடுக்கமாட்டான். அது அவனுக்குத் தெரியும், அக்காவுக்குத்தான் தெரியாது. அவன் எடுப்பான் என்று நம்பி அவள் அவனோடு கடையில் நிற்கப் போகிறாள். இந்த எண்ணம் இதுவரைக்கும் வந்ததில்லை. ஆறு வாரமாக நடந்ததையே சுற்றிக்கொண்டிருந்ததில் நடக்கப் போவதை அவன் பார்க்கவேயில்லை. அவள் அவனை நம்பிக்கொண்டு அங்கே நிற்பாள். இன்னொரு தடவை வாசல் மணி அடிக்கும்.

"வெளிய பார்த்துப் பாருங்க" என்றாள் வெர்னா. "துப்பாக்கி வேண்டாம், ஸ்கோப்பை மட்டும் கையில எடுத்துக்கங்க. அந்த ஜன்னல் வழியா."

நீளக் குழலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். வளையத்தை ஒன்றில் வைத்தான். கார் நிறுத்தும் இடம் வெள்ளை வெயிலில் கிடந்தது, நாலைந்து கார்கள், மின்கம்பம், சங்கிலி வேலி. வளையத்தைத் திருப்பினான். மின்கம்பம் கிட்டே வந்தது, அதில் அடித்த ஆணியின் துருகூடத் தெரிந்தது. கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினான், ஒரு காரின் முன்கண்ணாடி, உள்ளே ஒரு முகம், அக்கா. அவள் நெற்றியின் மேல் ஸ்கோப்பின் கோடுகள் சிலுவைபோல நின்றன. உடனே தாழ்த்தியிருக்க வேண்டும். கை தாழவில்லை. அவ்வளவு கிட்டத்தில் அவளை அவன் இந்த ஆறு வாரத்தில் பார்த்ததேயில்லை, வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது தட்டைத்தான் பார்ப்பான். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் பண்ணுகிறாள் என்று முதலில் நினைத்தான். ஜெபம் இல்லை, ஜெபத்துக்குக் கண்ணை மூடுவாள். இவள் பக்கத்து இருக்கையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஓட்டுகிறவன் இருக்கை, காலியாக இருந்தது. ஏதோ கேட்டாள், நிறுத்தினாள், பதிலுக்குக் காத்திருக்கிறவள்போல முகத்தைக் கொஞ்சம் சாய்த்தாள். பதில் வரவில்லை. மறுபடியும் அதையே கேட்டாள், இந்தத் தடவை உள்ளங்கையை விரித்து. உதடு அசைவதைத் துல்லியமாகப் பார்க்க முடிந்தது, வார்த்தை ஒன்றும் கேட்கவில்லை. பார்க்க முடிந்து கேட்க முடியாமல் இருப்பது இப்படியா இருக்கும்? அவளுக்கு இப்படித்தானே, அத்தான் கடைக் கேமராவில் படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. போலீஸ் அவளைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டியபோது அவன் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பி வந்து தண்ணீர் மட்டும் கேட்டாள்.

ஸ்கோப்பைக் கொண்டுவந்து விரிப்பில் வைத்தான். "இது வேண்டாம்" என்றான்.

"அப்ப சிவப்புப் புள்ளி?"

"எதுவுமே வேண்டாம்மா. இன்னைக்கு வேண்டாம். மன்னிச்சுக்கங்க."

வெர்னா துப்பாக்கியின் முதுகிலிருந்து சதுரத்தைக் கழற்றினாள். உறையில் வைத்து ஜிப் இழுத்துக் கொடுத்தாள். கதவைத் திறந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. உறையைக் காரின் பின்னால் வைத்துப் பூட்டிவிட்டு, ஓட்டுகிறவன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். அவள் பேசிக்கொண்டிருந்த இருக்கை. அவள் ஏசியைக் கூட்டி வைத்திருந்தாள், சிலுசிலுவென்று வந்தது.

"வாங்கிட்டியா?"

"இல்லக்கா."

"ஏன்டே? நல்லதா இல்லியா?"

"நல்லதாத்தான் இருக்கு." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வண்டியைக் கிளப்பவில்லை. "அக்கா, நான் குப்பைத் தொட்டிக்கிட்ட இல்ல. நான் உள்ளதான் இருந்தேன்."

அவள் திரும்பவில்லை. மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள், சுற்றுவது நின்றது.

"எல்லாம் பாத்தேன்க்கா. பால் தட்டு இடுக்கு வழியா. போன் இருந்துச்சு, எடுக்கல. அவன் போன பொறவும் ஒம்பது நிமிஷம் உள்ளயே நின்னேன். அந்தக் கெழவி கத்துன பொறவுதான் வந்தேன். சுத்திக்கிட்டு முன்னால வந்து, என்ன ஆச்சுன்னு கேட்டேன். கேட்டேன்க்கா, அப்படி."

அடிப்பாள் என்று நினைத்தான். கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போவாள் என்று நினைத்தான். எதிரில் ஒருத்தன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, பின்சீட்டிலிருந்து ஒரு நாயை இறக்கி, அதற்குத் தண்ணீர் வைத்து, அது குடித்து முடிக்கும் வரைக்கும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷனைப் பற்றிக் கேட்டாள்.

"அவ்வொ பேசினாவொளா?"

"ம்."

"அந்தப் படத்துல தாடை அசையுது. மூணு தடவ போட்டுக் காட்டச் சொன்னேன். தலதான் தெரியுது, ஒதடு தெரியல. என்ன சொன்னாவொன்னு யாருக்கும் தெரியலன்னுட்டாங்க. என்ன சொன்னாவொ?"

அவன் வாயைத் திறந்தான். ஆறு வாரமாக அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் விலகி ஓடிக்கொண்டிருந்தான், இப்போது ஓடுவதற்கு இடமில்லை. "தமிழ்ல பேசினாவக்கா."

"தமிழ்லயா?"

"மொதல்ல இங்கிலீஷ்லதான் ஆரம்பிச்சாவ. பொறவு தமிழ்ல வந்துட்டு. வந்தவனுக்குக் கை நடுங்கிச்சு. அதப் பாத்துட்டு, 'தம்பி, பதறாத, பைய பைய எடு, எல்லாத்தையும் எடுத்துக்கோ'ன்னாவ. அவனுக்கு என்ன புரியும்? அவன் கத்துனான். அதுக்கு அவ்வொ, 'மேபல் வார நேரம், அதுக்குள்ள போயிரு தம்பி, மேபல் வந்துருவா'ன்னாவ. ரெண்டு தடவ சொன்னாவ. மேபல் வந்துருவான்னு. அவ்வளவுதான்."

மேபல் அக்கா சிரித்தாள். சிரிப்பு என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. பிறகு அவள் குனிந்து, கைப்பையில் முகத்தை அழுத்திக்கொண்டாள். முதுகு குலுங்கியது. தொடலாமா என்று கையை நீட்டி, தொடாமல் திரும்ப எடுத்துக்கொண்டான். வெகு நேரம் கழித்து அவள் நிமிர்ந்தபோது முகம் நனைந்து வீங்கியிருந்தது. கண்ணில் கோபம் இருந்தது. அவன் எதிர்பார்த்திருந்த கோபம் இல்லை அது.

"இத ஆறு வாரமா நீயே வச்சிருந்தியாடே" என்றாள்.

யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்று கேட்டுக் கேட்டுத் தூங்காமல் கிடந்தவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம் பேர சொல்லியிருக்காவ. எனக்குன்னு இருந்தது அது. நீ பயந்தது, ஒளிஞ்சது, அதெல்லாம் பொறவு. அத நான் பொறவு பாத்துக்கிடுதேன், உன்ன என்ன செய்யன்னு எனக்கு இப்பத் தெரியல. திங்கக்கெழம நீ கடைக்கு வராண்டாம். நான் தொறக்கேன்."

"சரிக்கா."

"மறுபடி சொல்லு. மொதல்லேருந்து."

அவன் சொன்னான். மூன்றரை மணி, வாசல் மணி, சாம்பல் சட்டை, கையைத் தூக்கிய அத்தான், கையிலேயே இருந்த பேனா. பேனா என்றதும் அவள் தலையை ஆட்டினாள், ஆமா, அவ்வொ அப்படித்தான் என்பதுபோல. பதறாத, பைய பைய எடு. மேபல் வந்துருவா. ஒவ்வொரு வார்த்தையையும் அவர் சொன்ன மாதிரியே சொல்லப் பார்த்தான். முடிந்ததும் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டியதில் ஏதோ குறைகிறது என்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

"அவ்வொள மட்டும் சொல்லுத. நீ எங்க நின்ன, என்ன செஞ்ச, அதையும் சேத்துச் சொல்லு. ஒண்ணு விடாம."

ஜெபசிங் மறுபடியும் ஆரம்பித்தான். "நான் பால் அடுக்கிக்கிட்டு நின்னேன்" என்றான்.